இடைவேளை, எட்டு நிமிடம்

ஓல்டனில் நவம்பர் என்றால்
கீழே ஆறு இருக்கிறதென்று நம்பித்தான்
மரப்பாலத்தைக் கடக்க வேண்டும்.
மூன்றாவது கிழமையாக மூடுபனி விலகவில்லை.
நகரத் தலைவர் கஸ்பார் ஷெங்கரும்தான்.

கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
அவருடைய கதிரையிலிருந்து நாலாவது கதிரை.
தும்மலை எழுதுவதில்லை, பெருமூச்சையும்.
சிரிப்பை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுவேன்.

ஏப்ரலில் விசாரணை அறிவித்தார்கள்.
அன்றிலிருந்து எதற்கும் ஒரே வசனம்:
"அறிக்கை வரும்வரை நான் பேசுவது முறையல்ல."
நீச்சல்குளத்துக் கூரை ஒழுகுவதைக் கேட்டாலும் அதுதான்.
முதல் மாதம் எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.
பிறகு விசைப்பலகையின் மேல்வரிசையில்
ஏழாவது விசையை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன்.
தொட்டால் போதும்,
முற்றுப்புள்ளியோடு வந்து விழும்.

ஜூனில் வாக்கெடுப்பு.
போகட்டும் பத்தொன்பது, இருக்கட்டும் இருபது.
இருபதாவது கை பல்வைத்தியர் ஏர்னியுடையது;
பாதிவரை உயர்ந்து
மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு
மீதியும் உயர்ந்தது.
கண்ணாடியை நான் எழுதவில்லை.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்றாள் அக்கா,
தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி.
நழுவுகிற மீன் துடிக்குமே அக்கா.
இந்த மனிதர் அசையவே இல்லை.
அசையாமல் இருப்பது எவ்வளவு வேலை!
தீயணைப்புப் படையின் விருந்தில் சூப் ஊற்றினார்.
தொண்ணூறு கடந்தவர்களுக்குப் பூச்செண்டோடு மூன்று மாடி ஏறினார்.
வரவேற்பறைப் பெண்ணின் பூனைக்குச் சத்திரசிகிச்சை என்றறிந்து
மறுநாளே பூனையைப் பெயர் சொல்லி விசாரித்தார்.
விசாரணைக் காலம் முழுக்க
எல்லோரையும் விசாரித்துக்கொண்டே இருந்தார்.
ஒருநாள் எனக்கும் கோப்பி வந்தது, அவர் கையால்,
பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை.
எனக்குச் சீனி வேண்டாமென்று
அவருக்கு யார் சொன்னது?

செப்டெம்பரில் ஆராவிலிருந்து சட்டத்தரணி வந்தார்.
ஈரக் குடை, சாம்பல் நிறக் கோப்பு.
பெப்ரவரிக் குறிப்பை என் பக்கம் திருப்பி
ஒரு வரியின் கீழ்ப் பென்சிலை நிறுத்தினார்.
இடைவேளை, எட்டு நிமிடம்.
"நீங்கள் எழுதியதா?"
"ஓம்."
"அந்த எட்டு நிமிடம் எங்கே இருந்தீர்கள்?"

அறையில்தான்.
என்னை எழும்பிப் போகச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.
கணக்குப் பிரிவு ரொஸ்விதா கதவோரம் நின்றாள்,
கையில் அவர் கையெழுத்திட்ட மூன்று பற்றுச்சீட்டு.
அவர் அவளுக்குச் சொன்னது இந்த ஊர்ப் பேச்சு மொழியில்.
குறிப்புக்கு வேண்டியது எழுத்து மொழி.
இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.
பிறகு என்னைப் பார்த்து
"இடைவேளை என்று போடுங்கள்" என்றார்.
போட்டேன்.
எட்டு நிமிடம் மட்டும் உண்மை;
சுவர்க் கடிகாரம் பார்த்து எழுதினேன்.

"இடைவேளையில் நடப்பதைக் குறிப்பது என் பணியல்ல."
சட்டத்தரணி தலையாட்டி அதையும் குறித்துக்கொண்டார்.

அறிக்கை ஒக்டோபரில் என்றார்கள்,
பிறகு நத்தாருக்கு முன் என்றார்கள்.
இப்போது வசந்தம் என்கிறார்கள்.
ரொஸ்விதா சோலோதூர்னில் வேலை எடுத்துப் போய்விட்டாள்.
பிரியாவிடைக் கேக்கை ஷெங்கரே வெட்டினார்,
அவளுக்குத்தான் பெரிய துண்டு.

நேற்றுக் கூட்டம்.
புதிய உறுப்பினர் ஒருத்தி எழுந்து
இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள்.
அவர் வாய் திறக்குமுன்னே என் விரல் ஏழாவது விசையில்.
அவர் சொன்னதோ
"யாராவது யன்னலைத் திறவுங்களேன், மூச்சு முட்டுகிறது."
ஏர்னி திறந்தார்.
பனி உள்ளே வந்து கடதாசிகளை நனைத்தது.
என் திரையில் வசனம் நின்றது, முற்றுப்புள்ளியோடு.
அழிக்கவும் ஒரு விசைதான்.

வீடு திரும்பும்போது நிலையத்தில் அந்தப் பூச்சியக் கல்.
நாட்டின் தண்டவாளங்களை
இங்கிருந்துதான் அளக்கத் தொடங்கினார்களாம்.
பக்கத்தில் பையை வைத்துச் சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.
கட்டிய பிறகும் குனிந்தே இருந்தேன் கொஞ்ச நேரம்.

அடுத்த மாதம் குறிப்பு மேசைக்கு வரும்.
திருத்தம் ஏதும் உண்டா என்று
ஷெங்கர் சுற்றிவரப் பார்ப்பார்,
நாலாவது கதிரையையும்.
நான் திகதியைத் தட்டிக்கொண்டிருப்பேன்.